மருதப்பனின் ரெக்கார்டுகள்

செம்பவாங்
8 ஜூன் 2025

அன்புள்ள அண்ணிக்கு,

முழங்கால் வலி இந்த வாரமாவது குறைந்ததா? மூலிகைத் தைலம் தேய்த்துக்கொள்ளச் சொன்னேன், நீங்கள் தேய்த்திருக்க மாட்டீர்கள்.

போனில் பேசினால் அண்ணன் பெயர் வந்ததும் இரண்டு பேரும் அழுதுவிடுகிறோம், சொல்ல வந்தது நின்றுபோகிறது. முப்பது வருடம் தமிழ் வாத்தியாராக இருந்தவளுக்கு ஒரு கடிதம் எழுத வராதா என்று உட்கார்ந்துவிட்டேன்.

நல்ல செய்திதான். ஆகஸ்டில் அண்ணனுக்கு முதல் வருட நினைவு நாள் வருகிறது அல்லவா? நம் கப்பல் பட்டறைக் குடும்பங்கள் சங்கத்தில் ஓர் அறைக்கு ‘மருதப்பன் இசை அறை’ என்று பெயர் வைக்கப்போகிறார்கள். தலைவர் நடேசன் அறிவித்ததும் எல்லாரும் கைதட்டினார்கள். ஒரு வெல்டர் வீட்டில் ஆயிரத்து முந்நூறு ஜாஸ் ரெக்கார்டுகள் என்றால் யாருக்குத்தான் பெருமையாக இருக்காது? பித்தளைப் பலகைக்குச் சொல்லியாயிற்று. ‘ஜாஸ் இசைக் காதலர்’ என்று அதில் பொறிப்பார்கள்.

ரெக்கார்டுகளை அங்கே கண்ணாடி அலமாரியில் வைப்பார்களாம். ஜூலை பன்னிரண்டு, சனிக்கிழமை காலை லாரி வரும். நீங்கள் ஒன்றையும் தூக்க வேண்டாம். வீட்டிலும் இடம் கிடைக்கும், தூசி தட்டுகிற வேலையும் மிச்சம்.

உங்கள் அன்பு
சரசு

பிடோக்
12 ஜூன் 2025

அன்புள்ள சரசு,

தைலம் தேய்த்தேன். வலி அப்படியேதான் இருக்கிறது. உன் கையெழுத்து இன்னும் கரும்பலகையில் எழுதுகிற மாதிரியே இருக்கிறது, பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. படித்த பிறகு சந்தோஷம் போய்விட்டது.

லாரி வேண்டாம். அந்த ரெக்கார்டுகள் உன் அண்ணனுடையவை இல்லை, என்னுடையவை.

நர்ஸ் விடுதியில் என் அறையில் இருந்த நஸீஹா ஒரு கேசட் போட்டாள். எழுபத்தொன்பதாம் வருடம். ஒருவன் சாக்ஸபோனில் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப, ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி வாசித்தான். அன்று பிடித்தது எனக்கு. கல்யாணத்துக்குப் பிறகும் விடவில்லை. சுங்கை ரோட்டுப் பழைய சாமான் சந்தையில் குந்தி உட்கார்ந்து பொறுக்கினேன். நியூசிலாந்து ராணுவக் குடும்பங்கள் செம்பவாங்கைக் காலி செய்துகொண்டு போனபோது ஒரு வீட்டு வாசலில் மூன்று பெட்டிகள் கிடந்தன. அவற்றை டாக்சியில் ஏற்றிக்கொண்டு வந்தவள் நான்.

உறையில் எல்லாம் அண்ணன் பெயர் இருக்கிறதே என்பாய். எண்பத்து நாலில் உன் அம்மா கட்டிலுக்கு அடியில் என் பெட்டியைக் கண்டுபிடித்து, இந்த வெள்ளைக்காரன் ஊதலை யார் வீட்டுக்குள் கொண்டுவந்தது என்று கேட்டார். வாயில் சோற்றோடு உன் அண்ணன், “நான்தாம்மா” என்றார். அன்று சாயங்காலமே உட்கார்ந்து எல்லா உறையிலும் தன் பெயரை எழுதிவைத்தார். பிறகு நான் வாங்கியவற்றிலும் எழுதினார். மருமகள் வாங்கியிருந்தால் திமிர். மகன் வாங்கியதால் ரசனை ஆகிவிட்டது.

அன்றைக்கு என்னைக் காப்பாற்றினார், மறக்கவில்லை. ஆனால் உன் அம்மா போன பிறகும் அவர் அதை மாற்றிச் சொல்லவில்லை. விருந்தாளிகள் வந்தால் நான் சொன்னதையே அவர்களிடம் சொல்வார். ஜப்பான் பதிப்பில் சத்தம் சுத்தமாக இருக்கும், அதனால்தான் ஒரே இசைத்தட்டை மூன்று தடவை வாங்கினேன் என்பார். நான் முறுக்குத் தட்டோடு நின்றுகொண்டிருப்பேன். எனக்கு எரியும் சரசு. நாற்பது வருடம் எரிந்தது.

தினமும் காலையில் தேக்கா சந்தையில் மீன் வாங்கி வந்து, காப்பி போட்டுக்கொண்டு ஒரே ஒரு பக்கம் கேட்பேன். அந்த இருபது நிமிடம் கீரைகூட ஆய மாட்டேன். மறுபக்கம் மறுநாள்தான். கேட்டு முடித்ததும் மெல்லிய துணியால் துடைத்து வைக்காவிட்டால் நம் ஊர் ஈரத்துக்குப் பூஞ்சை பிடித்துவிடும். உங்கள் கண்ணாடி அலமாரியில் யார் துடைப்பார்கள்? யார் கேட்பார்கள்?

தர மாட்டேன்.

கமலா

செம்பவாங்
19 ஜூன் 2025

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை நான்கு நாள் மேசை மேலேயே வைத்திருந்தேன்.

உங்கள் எதிர்வீட்டுக்காரர்கள் முன்பே என்னிடம் சொன்னார்கள். அண்ணன் போய் வருடம் திரும்பவில்லை, அதற்குள் உங்கள் வீட்டில் டிரம்பெட் சத்தம் கேட்கிறதாம். நான் நம்பவில்லை. இப்போது நீங்களே எழுதிவிட்டீர்கள். ஒரு வருடம் பொறுக்க முடியவில்லையா உங்களால்?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அவை யாருடைய ரெக்கார்டுகள் என்று எனக்குத் தெரியாது என்றா நினைத்தீர்கள்? என் கல்யாணத்துக்கு முன்பு நான்கு வருடம் உங்களோடு அந்த வீட்டில் இருந்தவள் நான். ஒருநாள் அண்ணன் ஒன்றைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு உறையைப் படிப்பதுபோல் நடித்தார். அன்றே எனக்குத் தெரியும்.

தெரிந்துதான் கேட்கிறேன் அண்ணி. உங்களுக்கு வேலை இருந்தது, சீருடை இருந்தது, ‘சிஸ்டர் கமலா’ என்று இன்றைக்கும் கடையில் நின்று வணக்கம் சொல்கிறார்கள். எங்கள் அண்ணனுக்கு என்ன இருந்தது? தழும்பு விழுந்த இரண்டு கைகள். பள்ளிக்கூடத்தில் மற்ற ஆசிரியர்கள் தங்கள் குடும்பத்தைப் பற்றிப் பேசும்போது, என் அண்ணன் ஜாஸ் சேகரிக்கிறவர் என்று நானும் நிமிர்ந்து சொல்வேன். அதை ஏன் அவர் செத்த பிறகு பிடுங்குகிறீர்கள்? உயிரோடு இருக்கிற உங்களுக்கு அந்தப் பெயர் இல்லாவிட்டால் என்ன குறைந்துவிடும்?

பலகை தயாராகிவிட்டது. லாரி வரும்.

சரசு

பிடோக்
24 ஜூன் 2025

சரசு,

லாரி வரட்டும். கதவைத் திறப்பேன், வருகிறவர்களுக்கு டீ போட்டுக் கொடுப்பேன். காலி லாரியாகவே திரும்பிப் போவார்கள்.

எதிர்வீட்டுக்காரர்கள் சொன்னது உண்மை. பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை மனதைக் கட்டிக்கொண்டு இருந்தேன். பதினேழாம் நாள் காலையில் ரெக்கார்டு போட்டேன், சன்னலையும் சாத்தவில்லை. உன் அண்ணனுக்காக நான் அழுவதை நிறுத்தவில்லை. அழுதுகொண்டே கேட்டேன். யார் என்ன சொன்னாலும் நாளைக்கும் கேட்பேன்.

அவருக்கு என்ன இருந்தது என்று கேட்டாய். யாரிடமும் சொல்லாதே என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். இப்போது உன்னிடம் சொல்கிறேன்.

உன் அண்ணனுக்கு நாற்பது வயதுக்குள் காது முக்கால்வாசி போய்விட்டது. இரும்புத் தகட்டில் சம்மட்டி அடிக்கிற இடத்தில் நாள் முழுக்க நின்றவர். காதடைப்பான் கொடுத்திருந்தார்கள். அதைப் போட்டால் மற்றவர்கள் கூப்பிடுவது கேட்காது, பக்கத்தில் நிற்கிற ஆளுக்கு ஆபத்து வந்தால் தெரியாது என்று சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். காது போனது தெரிந்தால் வேலைக்குப் போக முடியாது என்று பயந்தார். நீங்கள் யாராவது கூப்பிட்டால் திரும்ப மாட்டார் அல்லவா? ‘அவரு பாட்டுல மூழ்கிட்டாரு’ என்று நான்தான் சொல்லிவைப்பேன். உன் அம்மா அதையும் பெருமையாக ஊரெல்லாம் சொன்னார். என் ஆசைக்கு அவர் மறைப்பு, அவர் காதுக்கு என் ரெக்கார்டு மறைப்பு. இப்படித்தான் குடித்தனம் நடந்தது.

நான் கேட்கும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஸ்பீக்கர் மேல் உள்ளங்கையை வைத்துக்கொள்வார். “முடிஞ்சிடுச்சா?” என்று அவ்வப்போது கேட்பார். அவருக்கு அதில் ஒன்றும் இல்லை. நான் உட்கார்ந்திருக்கிறேன் என்பதற்காக உட்கார்ந்திருந்தார்.

அந்தக் காதை எதற்குக் கொடுத்தார்? கப்பலின் அடிவயிற்றில் மல்லாந்து படுத்து, முகத்துக்கு நேரே தீப்பொறி கொட்ட ஒட்டுப்போட்டார். அந்தச் சம்பளத்தில்தான் நீ ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்குப் போனாய். அவர் ஒட்டிய இடத்தில் தண்ணீர் ஒரு சொட்டு உள்ளே வந்ததாக யாரும் சொன்னதில்லை. அப்படிப்பட்ட மனிதருக்கு என் சாக்ஸபோனைக் கடன் வாங்கி மாட்டினால்தான் கௌரவமா? அவரை நினைத்து வெட்கப்படுவது நீதான் சரசு, நான் இல்லை. இதை உன் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் நீ எழுந்து போயிருப்பாய். அதனால்தான் எழுதுகிறேன்.

ரெக்கார்டு உறைகளில் அவர் பெயருக்குக் கீழே என் பெயரை எழுத ஆரம்பித்திருக்கிறேன். நானூறு முடிந்துவிட்டது.

கமலா

செம்பவாங்
8 ஜூலை 2025

அன்புள்ள அண்ணிக்கு,

இரண்டு வாரமாக உங்கள் மேல் கோபம். இன்னும் தீரவில்லை. காது விஷயத்தை உடன்பிறந்த எனக்குச் சொல்லாமல் விட்டதற்கு அண்ணன் மேலும் கோபம், சண்டை போட அவர்தான் இல்லை. எத்தனையோ தடவை பதில் சொல்லவில்லை என்று நான் அவரிடம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிருக்கிறேன். அதை நினைத்து மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

லாரியை நிறுத்தச் சொல்லிவிட்டேன். நேற்று சங்கத்துக்குப் போய், பலகையைச் செய்தவரிடமே திருப்பிக் கொடுங்கள், வேறு செய்ய வேண்டும் என்றேன். ‘மருதப்பன், கப்பல் பட்டறை வெல்டர்’ என்று தாளில் எழுதிக் கொடுத்தேன். நடேசன் படித்துப் பார்த்துவிட்டு, “வேற ஒண்ணும் போட வேணாமா?” என்று கேட்டார். அறை நிறைய ஆட்கள் இருந்தார்கள்.

“அதுக்கு மேல என்ன வேணும்?” என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.

உங்கள்
சரசு