ஜுமானா குடித்த பால்

கிண்ணியா
10.11.2023

அன்பின் சுஹைராவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

உன் போனைச் சுவரில் அடித்து உடைத்தவன் நான்தான், அதனால் கடிதம். நெற்றித் தையல் வெட்டியாச்சா? ஜுமானாவை முச்சக்கரவண்டியில் ஏற்றத்தான் இழுத்தேன். நீ குறுக்கே விழாவிட்டால் அவளுடைய கை முறிந்திருக்காது.

ஏழு வருடம் பிள்ளையில்லாமல் இருந்து, சிறுவர் இல்லத்தில் அவளை வளர்க்க எடுத்தோம். இப்போது கொழும்பில் செய்த டெஸ்ட் டியூப் வைத்தியத்தில் நம் சொந்தப் பிள்ளை உன் வயிற்றில். இனி அவள் எதற்கு? பெரியவளானால் என் முன்னால் முக்காடு போடவேண்டிய அன்னியப் பெண். தத்தெடுக்கும் வழக்கும் முடியவில்லை, திருப்பிக் கொடுக்கலாம்.

கட்டிலில் இருந்து விழுந்தாள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னாயே, அதை மறக்கமாட்டேன். அவளை இல்லத்தில் விட்டுவிட்டு வா.

உன் நுஸ்கி

மூதூர்
02.12.2023

அன்பு மச்சானுக்கு, ஸலாம்.

உம்மா வீட்டில் நலமாக இருக்கிறோம் என்று எழுத ஆசைதான். மீன்காரர் கூவினாலே ஜுமானா மாவுக்கட்டோடு அலுமாரிக்குப் பின்னால் ஒளிகிறாள். என் வயிற்றில் காதை வைத்து, "தம்பி, தம்பி" என்று கூப்பிடுகிறாள்.

உங்களோடு வாழத்தான் எனக்கும் விருப்பம். அவளும் என் மகள்தான் என்று ஒரு வரி எழுதுங்கள். அடுத்த பஸ்ஸிலேயே வருகிறேன்.

உங்கள் சுஹைரா

கிண்ணியா
09.12.2023

சுஹைரா,

ஒரு வரிதானே கேட்டாய். அவள் என் மகளில்லை.

பிள்ளை பிறந்ததும் வருவேன். அவள் அங்கே நின்றால் மற்றக் கையும் முறியும்.

நுஸ்கி

மூதூர்
25.01.2024

மச்சான்,

மகன் பிறந்திருக்கிறான். மூக்கு உங்களுடையது.

பால் கட்டி நெஞ்சு நெருப்பாக எரிந்தது. ஜுமானாவுக்கு இரண்டு வயதாக இன்னும் மூன்று கிழமை இருக்கிறது. மடியில் போட்டுக் கொடுத்தேன். முதல் தரம் கடித்தாள், பிறகு பழகிவிட்டாள். ஐந்து தரம் வயிறு நிறையக் குடித்தாள், உம்மா சாட்சி. இரண்டு வயதுக்குள் ஐந்து தரம் குடித்தால் பெற்ற பிள்ளை மாதிரித்தான் என்ற மார்க்கம் உங்களுக்கும் தெரியும். உங்கள் பிள்ளையைப் பெற்று ஊறிய பால் இது. இனி உங்கள் முன்னால் அவளுக்கு முக்காடு வேண்டாம். மகனுக்கு அவள் ராத்தா, உங்களுக்குப் பால்மகள்.

நேற்று பொலிசுக்குப் போய்க் கட்டில் கதை பொய்யென்று சொன்னேன்.

"அப்ப கையை ஆர் முறிச்சது?" என்று கேட்டார்கள்.

"அவட வாப்பா" என்றேன்.

ஜுமானாவின் உம்மா
சுஹைரா