ஓயாத வாய்க்கு ஒரு வேலை

அலமாரியிலிருந்து என் குளிர்காலக் கோட்டை இன்றுதான் எடுத்து மாட்டினேன். அதன் பைக்குள் ஒரு பெப்பர்மின்ட் மிட்டாய் கிடந்தது. மாத்திரையால் வாய் வறளும் என்று நீ எப்போதும் வைத்திருப்பாய். பார்க்கும்போதெல்லாம் எனக்கும் ஒன்று திணிப்பாய். நியூ லின் ரயில் நிலையத்தில் நின்றபடியே வாயில் போட்டேன். போன வருடத்துப் பழசு, ஆனாலும் காரம் போகவில்லை. தனியாகச் சிரித்துக்கொண்டேன். "சிரி லா, நர்ஸ் பாக்காம சிரி" என்பாயே, அது நினைவு வந்தது.

மனநல கிளினிக்கின் காத்திருப்பு அறையில்தான் நாம் பழக்கமானோம். நீ பேச்சுக்குப் பேச்சு 'லா' போடும் மலேசியாக்காரன், நான் யாழ்ப்பாணம். ஒரே வயது, ஒரே நோய், ஏறக்குறைய ஒரே மாத்திரை. உன் வாய் மட்டும் ஓயாமல் அசைந்தது. உதடு குவியும், நாக்கு புரளும். சுவிங்கம் மெல்கிறாய் என்று நினைத்தேன். "மாத்திரை குடுத்த போனஸ், மச்சான்" என்றாய்.

கோயிலில் அது வேறு கதையாகிவிட்டது. நீ இடைவிடாமல் மந்திரம் ஜெபிக்கிறாய் என்று அங்கு வரும் பெண்கள் முடிவு கட்டிவிட்டார்கள். கடைசி வரிசையில் நின்ற உன்னை முன்னுக்கு அனுப்பினார்கள். பிரசாதம் முதலில் உனக்கே வந்தது. மனுரேவாவிலிருந்து வந்த ஒரு பெண் புதுக் கார்ச் சாவியைக் கொண்டுவந்து உன் கையால் வாங்கிக்கொள்ள வேண்டும் என்றாள். நீயும் கண்ணை மூடி, சாவிக்குத் திருநீறு பூசிக் கொடுத்தாய். வெளியே வந்து சப்பாத்துப் போட முடியாமல் இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

ஆனால் எனக்குள் பயம் இருந்தது. என் மகளின் கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒருநாள் கண்ணாடியில் என் உதடும் தானாகத் துடித்ததுபோல் தெரிந்தது. அன்று ஒனிஹங்காவில் சிப்ஸ் வாங்கிக்கொண்டு காரில் இருந்தோம். "மாத்திரையை இண்டைக்கே நிப்பாட்டப் போறன்டாப்பா" என்றேன்.

நீ சிரிக்கவில்லை. ஒரு சிப்ஸைக் கடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாய்.

"எனக்கு இது கரிக்குது. உனக்குக் கரிக்கல, ஏன்? நான் பிரஷருக்காக உப்பக் கொறச்சவன், நாக்கு கூர்மையாயிடுச்சு. மூளையும் அப்படித்தான் லா. டோபமின்னு மூளைக்குள்ள ஒரு ரசாயனம், அது வந்து உக்கார்ற எடத்த மாத்திரை அடைச்சு வைக்குது. வருஷக்கணக்கா அடைச்சா மூளை சும்மா இருக்காது. புது எடம் போடும், இருக்கிற எடத்தையும் கூர்மையாக்கும். ஒரே நாள்ல நிறுத்தினா, எப்பவும் வர்ற அளவு டோபமினையே மூளை தாங்காது. நான் நிறுத்திப் பாத்தவன். காதுக்குள்ள கேக்குற குரலெல்லாம் முன்னவிட சத்தமா திரும்பி வந்துச்சு. என் வாய் ஆடுறதும் இந்தக் கூர்மையாலதான்னு டாக்டர் சொல்றாரு. எல்லாருக்கும் இப்படி ஆகாது. நீ போய் அவர்கிட்ட பேசு, கொஞ்சங் கொஞ்சமா கொறைக்கட்டும்."

"ஓம், கதைக்கிறன்" என்றேன். அதுவரை யார் விளக்கியும் எனக்கு அது புரிந்ததில்லை.

மருத்துவர் மிக மெதுவாகக் குறைத்தார். ஒருமுறை குரல்கள் தலைகாட்டியதும் அந்த அளவோடு நிறுத்திக்கொண்டார். இன்றும் சிறிதளவு எடுக்கிறேன். ஆனால் மகளின் கழுத்தில் தாலி ஏறியபோது, மாத்திரையில் மரத்துப்போயிருந்த என் கண்ணில் பல வருடங்களுக்குப் பிறகு நீர் வந்தது. அவ்வளவு சந்தோஷம். பக்கத்தில் நின்ற நீ குனிந்து, "உப்பு சரியா இருக்கா?" என்று கேட்டாய்.

அன்று சாப்பாட்டுப் பந்தியில் உன் வாயை உற்றுப் பார்த்தேன். "உண்மையாவே ஏதோ சொல்லுற மாதிரியெல்லோ கிடக்கு?"

"எப்படியும் ஆடத்தான் போகுது, அதுக்கு ஒரு வேலை குடுத்தேன். வேண்டியவங்க பேர சொல்லிக்கிட்டிருக்கேன். உன் பேருதான் நீளம், நாக்கு களைச்சுப் போகுது."

போன குளிர்காலத்தில் உன் இதயம் நின்றுவிட்டது. இன்று கோயிலில் அந்தக் கார்ச் சாவிப் பெண் என்னிடம் வந்தாள். "உங்க ஃப்ரெண்டு எப்பவும் என்ன மந்திரம் சொல்லுவாரு? எனக்கும் சொல்லிக் குடுங்களேன்."

"எங்கட பேர்கள்தான் அம்மா."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "என் பேரும் இருந்துச்சா?"

எனக்குத் தெரியாது. "ஓம்" என்றேன். அவள் பேரையும் கேட்டு வைத்துக்கொண்டேன்.

பிறகு முன்வரிசையில் நீ வழக்கமாக நின்ற இடத்தில் போய் நின்றேன். என் உதடு இதுவரை தானாக அசைந்ததில்லை. நானாகவே அசைத்தேன். உன் பேரில் தொடங்கினேன்.