அம்மாவுக்கு முதல் படையல்

அம்மா, இதை யாருக்கும் காட்டிவிடாதே. செத்துப் போனவளிடம் இப்படிக் கேட்பது பைத்தியக்காரத்தனம் என்று எனக்கே தெரிகிறது. ஆனாலும் இந்தத் தாள் உன்னிடம் வராமல் வேறு யார் கையிலாவது சிக்கினால், அவர்கள் காலிலும் விழுந்து கேட்கிறேன். அப்பாவிடமும் அத்தையிடமும் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

சமையலறையிலிருந்து ஊறின உளுந்து வாசனை வருகிறது. நாளைக்குத் தை அமாவாசை. உளுந்து, வாழைக்காய், பூசணிக்காய், பாயசத்துக்கு வெல்லம், எல்லாம் அத்தை வாங்கி வைத்துவிட்டாள். இந்த வாசனை வந்தால் நீ அடுப்பருகே நின்றுகொண்டிருப்பாய் என்று இன்னும் என் மூக்கு நம்புகிறது. எழுந்து போய்ப் பார்த்தேன். அத்தைதான் பாய் போட்டுப் படுத்திருந்தாள். இந்த முறை படையலே உனக்குத்தான்.

போன புரட்டாசியில் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனதிலிருந்து அத்தை இங்கேதான் இருக்கிறாள். நன்றாகத்தான் சமைக்கிறாள். ஆனால் பொங்கல் முடிந்ததும் அப்பாவை உட்காரவைத்துப் பேசிவிட்டாள். "இன்னாடா, பொம்பள இல்லாத ஊட்ல வயசுப் பொண்ண வச்சிக்கினு எத்தினி நாளைக்குக் காவல் காப்ப? நீ ஷிஃப்ட்டுக்குப் போயிட்டா யாரு பாக்கறது? வருசம் திரும்பறதுக்குள்ள முடிச்சிட்டா அவளுக்கும் புண்ணியம். எம் பையன் இல்லியா?"

அவள் பையனை உனக்குத் தெரியும். காக்களூரில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிற மாமா. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கெட்டவர் என்று சொல்ல முடியாது. என்னோடு பேசும்போதும் போனைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். மாசியில் கல்யாணம் என்கிறார்கள். எனக்குப் பங்குனியில் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை.

அப்பாவிடம் அழுதேன். "எனக்கு ஒண்ணும் புரியல கண்ணு. உங்கம்மாவையே கேட்டுடலாம். அமாவாசை அன்னிக்குப் படைப்போம். காக்கா எடுத்தா அவளுக்குச் சம்மதம், சாயந்திரம் பூ வச்சிடலாம். எடுக்கலன்னா இந்தப் பேச்சே வேணாம்" என்றார். எனக்கு நியாயம் செய்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டு அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினார்.

வகுப்பு டீச்சரிடம் சொல்லலாம் என்று நினைத்தேன். ஸ்டாஃப் ரூம் வாசல்வரை போனேன். சொன்னால், கல்யாண வயசு ஆகாத பெண் என்று போலீஸ் வரும், அப்பாவைக் கூட்டிக்கொண்டு போவார்கள். அப்புறம் எனக்கு யார் இருக்கிறார்கள்? திரும்பி வந்துவிட்டேன்.

உனக்கு இதெல்லாம் கேட்டால் சிரிப்பு வரும். தாத்தாவுக்குப் படைத்துவிட்டு மாடியில் அப்பா கைகூப்பி நிற்க, நீ என் காதில் சொல்வாய்: "நம்மூரு காக்கா பிளாஸ்டிக்கையே துன்னுது. வடைய உடுமா?" அதே நீதான், காக்கை வந்து உட்கார்ந்ததும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "மாமா, சாப்டுங்க" என்று மரியாதையாகச் சொன்னாய். நம்பினாயா நம்பவில்லையா என்று கேட்டதற்கு, "அது வயித்துக்கு வருது, நாம மனசுக்குக் கூப்புடறோம்" என்றாய்.

என் கழுத்தில் மரு வந்த வருஷம் இதே தை அமாவாசைக்குத் திருவள்ளூர் கோயில் குளத்துக்குப் போனோமே. நைட் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் இறங்கியவள், கும்மிடிப்பூண்டியிலிருந்து அப்படியே என்னை இழுத்துக்கொண்டு பஸ் மாறிப் போனாய். படிக்கட்டில் உட்கார்ந்து வெல்லத்தைத் தண்ணீருக்குள் பிடித்துக்கொண்டு, "பாரு, இது மாரியே உன் மருவும் கரைஞ்சிடும்" என்றாய்.

"கரையலன்னா?"

"கரையலன்னா டாக்டராண்ட போலாம். சாமி, டாக்டரு, ரெண்டு பேருல ஒருத்தர் பாத்துக்க மாட்டாங்களா?"

பக்கத்தில் முங்கிக்கொண்டிருந்த அம்மாள்கூடச் சிரித்தாள். திரும்பும்போது கூட்டத்தில் உன் கை நழுவிவிட்டது. சுற்றிலும் ஈரப் புடவைகள், யாருடைய முகமும் தெரியவில்லை. எத்தனையோ பிள்ளைகள் அம்மா, அம்மா என்று கத்திக்கொண்டிருந்தார்கள். நான் ஒரே ஒரு தடவைதான் கூப்பிட்டேன். ஆட்களை இடித்துத் தள்ளிக்கொண்டு நீ வந்து நின்றாய். அவ்வளவு சத்தத்தில் என் குரல் எப்படிக் கேட்டது என்று அப்போது நான் கேட்கவே இல்லை. அம்மா என்றால் கேட்கும் என்று நினைத்திருந்தேன்.

இப்போது அதுதான் எனக்குப் பயம்.

அத்தை ஒரு வாரமாகத் தினமும் காலையில் மாடிக்குப் போகிறாள். துணி காயப்போடுகிறேன் என்றுதான் சொல்வாள். நேற்று பின்னாலேயே போய்ப் பார்த்தேன். கைப்பிடிச் சுவரில் மிக்சர் தூவிக்கொண்டிருந்தாள். காக்கைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. என்னைப் பார்த்ததும், "வாயில்லாத ஜீவன், பழகிக்கினா நல்லதுதானே" என்றாள். அப்பாவிடம் சொன்னேன். "பெரியவங்கள அப்டிப் பேசாத" என்று திட்டினார்.

அதுகூடப் பரவாயில்லை. இன்றைக்குச் சாயந்திரம் கீரை ஆய்ந்துகொண்டே சொல்கிறாள்: "நாளைக்கு நீதான்டி கூப்டணும். நான் கூப்டா எந்தம்பி பொண்டாட்டி எங்க வருவா? பெத்த பொண்ணு கூப்டாதான் ஓடியாருவா." அப்பாவும் தலையாட்டினார்.

நான் மாட்டேன் என்றால் அப்பா சாப்பிட மாட்டார். சர்க்கரை மாத்திரை போடுகிற மனிதர், நாளைக்கு விரதம். காக்கை தொடாமல் யாரும் வாயில் தண்ணீர்கூட ஊற்றக் கூடாது. உச்சிவெயிலில் அவர் கை நடுங்க நின்றால் நான் கூப்பிட்டுவிடுவேன். உண்மையான குரலில்தான் கூப்பிடுவேன். எனக்கு நடிக்கத் தெரியாது.

அதனால்தான் இன்றைக்கே எழுதுகிறேன். நாளைக்கு என் வாய் கா, கா என்று கூப்பிடும். அதைக் கேட்காதே. நீ வராவிட்டாலும் மிக்சர் தின்று பழகின வேறு ஏதாவது ஒன்று வந்து உட்காரத்தான் போகிறது. அதையும் நீ என்றுதான் சொல்வார்கள். தெரிந்தும் கேட்கிறேன். எல்லாவற்றையும் நீ விரட்ட முடியாது, நீயாவது அதில் இருக்காதே. அந்தச் சோற்றில் வாய் வைத்தது நீ இல்லை என்று எனக்குத் தெரிந்தால் போதும். சாயந்திரம் தலையில் பூ வைக்கும்போது அதை மட்டும் நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

உனக்குப் பசிக்கும் என்று தெரியும். புரட்டாசியிலிருந்து வயிறாரச் சாப்பிட்டிருக்க மாட்டாய். உனக்கு முதன்முதலாகப் படைக்கிற சோற்றை நானே வேண்டாம் என்கிறேன். நம் தெருவில் எல்லா வீட்டு மாடியிலும் இலை போடுவார்கள். எதிர்வீட்டு அக்கா பருப்பு வடை நன்றாகச் சுடுவாள், நீயே சொல்லியிருக்கிறாய். அங்கே போய் உட்கார். அவர்கள் உன்னை யாரென்று கேட்க மாட்டார்கள். வயிறு நிறையச் சாப்பிடு, தண்ணீர் குடி, பிறகு இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்காமல்

அதற்குள் விடியற்காலை ஆகிவிட்டதா, கதவு தட்டுகிறார்கள். அத்தை. "இன்னாடி, லைட் எரியுது? எழுந்து தலைக்குத் தண்ணி ஊத்