கை எட்டாத இடம்

மாப்ளே,

இந்த மடலில் நான் எழுதப்போவதைக் கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்த ஒருவரும் நம்பப்போவதில்லை. சுருளி மலையை ஒரு கையிலும் முல்லைப் பெரியாற்றை மறு கையிலும் பிடித்துக்கொண்டு சத்தியம் செய்கிறேன், நம்பவே முடியாத கதை ஒன்றைச் சொல்லப்போகிறேன். நீ இருந்திருந்தால் இந்த இடத்திலேயே "ஆரம்பிச்சுட்டாருய்யா அளக்குறதுக்கு" என்று துண்டை உதறி எழுந்திருப்பாய். இப்போது எழுந்து போக உனக்கு வழியில்லை. உட்கார்ந்து கேள்.

சனிக்கிழமை விடிந்தால் என் வீட்டில் நல்லெண்ணெய் காய்கிற வாசம் வருகிறது. மிளகு தட்டிப் போட்டு, பூண்டு நசுக்கிப் போட்டு, மிளகு வெடிக்கப்போகிற நேரத்தில் இறக்கிய எண்ணெயின் வாசம். நான் அடுப்பைப் பற்றவைக்கவில்லை. எண்ணெய்ச் சட்டி நீ போன ஆடி மாதத்திலிருந்து போன வாரம் வரைக்கும் பரணில் கவிழ்ந்தே கிடந்தது. பக்கத்து வீடு பூட்டியிருக்கிறது. ஆனாலும் வாசம் சமையலறையில் புறப்பட்டு, நடுவீட்டைக் கடந்து, கட்டிலைச் சுற்றி வந்து, சரியாக என் முதுகுக்குப் பின்னால் நிற்கிறது. திரும்பினால் அதுவும் நகர்ந்து மறுபடி முதுகுப் பக்கம் போய்விடுகிறது. முகம் காட்டாத வாசம்.

இதை எட்டிப் பார்த்துப் படிக்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. நீ என் அத்தை மகன். நான் உனக்கு மச்சான், நீ எனக்கு மாப்ளே. நீ குமுளி மலைப் பாதையில் வாழ்நாளெல்லாம் பஸ் ஓட்டியவன். நான் திராட்சைத் தோட்டம் வைத்து, திராட்சையைவிடப் பெரிதாகக் கதைகளை விளைவித்தவன். வேலையெல்லாம் ஓய்ந்த பிறகு நமக்கென்று மிஞ்சியது சனிக்கிழமை. ஆற்றுப் படித்துறையில், மருத மரத்து நிழல் விழுகிற படியில், வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு ஒருவர் முதுகுக்கு ஒருவர் எண்ணெய் தேய்த்துவிடுவோம். என் முதுகு வைகை அணை அகலம். அதற்கு நீ செலவழித்த எண்ணெயில் குச்சனூர்க் கோயில் விளக்குகள் ஒரு தலைமுறைக்கு எரிந்திருக்கும். தலை, கை, காலெல்லாம் அவரவர் பொறுப்பு. முதுகு மட்டும் அடுத்தவர் பொறுப்பு.

ஸ்டீரிங் பிடித்துக் காய்த்த உன் கட்டைவிரல் என் கழுத்தடியில் புறப்படும். கொண்டை ஊசி வளைவு வளைவாக முதுகெலும்பின் இரு பக்கமும் மாறி மாறி இறங்கும். இடுப்புக்கு வந்ததும் உள்ளங்கையால் இரண்டு தட்டு. "ரைட், போலாம்!" ஆயுள் முழுக்கக் கண்டக்டர் தட்டக் கேட்டு வண்டி ஓட்டியவன் நீ, வயதான காலத்தில் தட்டுகிற பாக்கியம் உனக்கு வாய்த்தது. அந்த இரண்டு தட்டு விழாமல் நான் படியை விட்டு எழுந்ததில்லை. என் முறை வந்தால் மேலிருந்து கீழ், கீழிருந்து மேல், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். "ஏலே மச்சான், முதுகு தேக்கிறியா, செவுத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கிறியா?" என்பாய்.

நமக்குக் கீழ்ப்படியில் அந்தச் சிமெண்டுக் கடைக்காரர் தனியாகக் குளிப்பார். மருத மர நிழல் யாருக்கு என்று உன்னோடு ஒருநாள் சண்டை போட்டதிலிருந்து நம்மோடு பேச்சில்லை. யார் எதைச் சொன்னாலும் "அது அப்பிடி இல்லங்க" என்று நிறுத்துவார் என்பதால் அவருக்கு நீ வைத்த பெயர் பிரேக். தன் முதுகைத் தானே தேய்க்க நீளக் காம்பு போட்ட பிரஷ் ஒன்று வாங்கி வைத்திருந்தார். "பஸ்ஸுக்குப் பாடி கழுவுற பிரஷ்ஷுடா அது" என்று அவர் காதில் விழும்படி சொல்வாய். சொல்லிவிட்டு என் முதுகுக்குப் பின்னால் சிரிப்பாய். உன் சிரிப்பை நான் பெரும்பாலும் முதுகால்தான் கேட்டிருக்கிறேன்.

நீண்ட ஆயுளுக்கும் நோயற்ற முதுமைக்கும் இந்தப் பள்ளத்தாக்கில் நானே முதல் அதிகாரி என்பது நான் கட்டிக் காத்த பெயர். சமுதாயக் கூடத்தில் மருத்துவ முகாம் போட்டார்களே, அன்றைக்கு அதன் மானத்தை வாங்கினாய். இரத்தக் கொதிப்பு பார்த்த நர்ஸ், "வயசு எத்தனைங்கய்யா?" என்றாள்.

"நூத்தி நாலு," என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "பாத்தா அப்பிடித் தெரியலையே! என்ன சாப்புடுவீக?"

எனக்கு வேறென்ன வேண்டும்? வெந்தயம், கருஞ்சீரகம், ஆவாரம்பூ என்று செல்போனில் வந்ததையெல்லாம் அடுக்கினேன். விடியுமுன் மேகமலை உச்சிக்கு ஓடிப்போய், அங்கே புலி தண்ணீர் குடித்து முடிக்கும்வரை மரியாதையாகக் காத்திருந்து, அதே சுனையில் குடித்துவிட்டுத் திரும்புவேன் என்றேன். வரிசையில் பின்னால் நின்ற நீ வாயைத் திறந்தாய்.

"தாயி, அத எழுதிராத. மச்சானுக்கு எழுவத்தி மூணு. நேத்துச் சின்னமனூர்ல நாலு புரோட்டாவச் சால்னாவுல முக்கித் தின்னுபுட்டு, ரெண்டு ஏப்பத்துக்கு நடுவுல எனக்குப் பத்தியம் சொன்னாரு."

கூடமே சிரித்தது. நர்ஸ் விடவில்லை. "அப்ப நீங்க சொல்லுங்க. ரெண்டு பேரும் எப்பிடி இம்புட்டுத் தெம்பா இருக்கீக?"

நீ தலையைச் சொறிந்து யோசித்தாய். "சனிக்கெழமையானா முதுகு தேச்சுக்கிறோம். வேற ஒண்ணும் வெளங்கல தாயி."

"அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தான்."

அவளுக்கு ஏமாற்றம். எனக்குக் கோபம். புலி வரை கட்டிய கோட்டையை ஒரு கரண்டி எண்ணெயில் வழுக்கி விழவைத்துவிட்டாயே!

அதற்குப் பிறகு வந்த ஒரு சனிக்கிழமையில்தான் உன் கட்டைவிரல் பாதி வளைவில் நின்றது. என் இடது தோள்பட்டைக்குக் கீழே, என் எந்தக் கையும் எட்டாத இடம்.

"மச்சான், இது எப்ப இருந்து?"

"எது?"

"கறுப்பா. மொளகு மாதிரி. போன தடவ கடுகாட்டம் இருந்துச்சு."

"வியாழக்கிழம ரசத்துல ஒரு மொளகக் காணோம். அங்கன போய் ஒளிஞ்சிருக்கும்."

நீ சிரிக்கவில்லை. என் முதுகுக்குச் சிரிப்புக் கேட்காத முதல் நாள் அது. எண்ணெயைக்கூட முழுசாக அலசவிடாமல் சட்டையை மாட்டித் தேனி பஸ்ஸில் ஏற்றினாய். ஆஸ்பத்திரியில் அதை வெட்டி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்ததும் டாக்டர் என்னைப் பார்க்காமல் உன்னைப் பார்த்துச் சொன்னார், நல்ல நேரத்தில் கொண்டுவந்தீர்கள், இன்னும் தள்ளியிருந்தால் பரவியிருக்கும் என்று. அப்புறம் என் பக்கம் திரும்பினார். "மாசம் ஒருக்கா யாராவது உங்க முதுகைப் பார்க்கணும். புதுசா மச்சம், நிறமாற்றம், எது இருந்தாலும் வந்துடணும். வீட்ல யார் இருக்கா?"

மனைவி போய் வெகு காலம். மகன் பெங்களூரில். நான் வாயைத் திறக்குமுன் உன் குரல் கேட்டது.

"நான் இருக்கேன் டாக்டர்."

இருந்தாய், போன ஆடி வரைக்கும்.

நீ போன விதத்தை ஊருக்கு நான் இப்படித்தான் சொல்லி வருகிறேன். எமன் எருமையில் என்னைத் தேடித்தான் வந்தான். முறைப்படி என் வரிசை. எதிரே வந்த நீ கையை நீட்டி மறித்தாய். "மலைப் பாதையில மேல ஏறுற வண்டிக்குத்தான் மொதல்ல வழி. ஏறுற வண்டி நான்" என்றாய். சட்டம் தெரிந்த எமன், எருமையை ஓரங்கட்டி உனக்கு வழிவிட்டான். நீ ஹாரன் அடித்துக்கொண்டே ஏறிப் போய்விட்டாய்.

நடந்தது இவ்வளவுதான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாசலில் செருப்பைக் கழற்றக் குனிந்தவன் நிமிரவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. உன்னைப் பெஞ்சில் மல்லாக்கக் கிடத்தி, முறைக்காரர்களை எண்ணெய் வைக்கக் கூப்பிட்டார்கள். மச்சான் முறைக்கு நான் முன்னால் நின்றேன். "பொறங்கையால தொட்டு உச்சியில வைங்க" என்றார்கள். போனவனுக்குப் புறங்கைதான். கட்டைவிரலுக்கு அங்கே வேலை இல்லை. காய்ச்சாத எண்ணெய், மிளகு கிடையாது, பூண்டு கிடையாது. வைத்தேன். உன் முதுகு பலகையோடு ஒட்டிக் கிடந்தது. ஒரு நிமிடம் திருப்பிப் போடுங்கப்பா என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. கேட்டால் கிழவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்பார்கள். உன்னைத் தூக்கிக்கொண்டு போனார்கள். எத்தனையோ வருடத்தில் அந்த ஒரு சனிக்கிழமை உன் முதுகில் யார் கையும் படவில்லை.

அதற்காகத்தான் வருகிறாயா?

சில மாதம் கழித்துத் தழும்புக்குப் பக்கத்தில் நமைச்சல் தொடங்கியது. பீரோக் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி, சவரக் கண்ணாடியைத் தோளுக்கு மேல் பிடித்துப் பார்த்தேன். கண்ணாடிக்குள் வீடுதான் சுற்றியது, முதுகு வரவில்லை. செல்போனைப் பின்னால் நீட்டிப் படம் எடுத்தேன். ஒன்றில் ஃபேன் விழுந்தது. ஒன்றில் என் காது. சோர்ந்து திரும்பினால், மாப்ளே, பீரோக் கண்ணாடியில், சரியாக என் தோள்பட்டை உயரத்தில், எண்ணெய்க் கட்டைவிரல் ரேகை ஒன்று ஈரமாக மின்னியது.

மகன் ஞாயிறுதோறும் வீடியோவில் கூப்பிடுகிறான். "மாத்திர போட்டீகளாப்பா? நடக்கப் போறீகளா?" எல்லாவற்றுக்கும் ஆமாம் என்கிறேன். முகத்தைப் பார்த்துத் திருப்திப்பட்டு வைத்துவிடுகிறான். தேனிக்கு ஒரு பஸ் ஏறினால் தீர்ந்தது, எனக்குத் தெரியாதா? போகவில்லை. போனால் அந்த டாக்டர் மறுபடியும் கேட்பார், வீட்ல யார் இருக்கா என்று. போன தடவை பதில் சொன்னவன் இல்லை. சட்டை உரசினாலே பயம் வந்தது. வேட்டியோடு வெற்றுடம்பாக உட்கார்ந்து, முதுகைச் சுவரில் சாய்க்காமல் பொழுதைப் போக்கினேன். நமைத்தால், நீ தொடுகிறாயா, அது வளர்கிறதா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

மறுபடியும் ஆடி வந்துவிட்டது. போன சனிக்கிழமை வாசம் சும்மா நிற்கவில்லை. தோளைப் பிடித்துத் தள்ளியது. எழுந்து பரணிலிருந்து சட்டியை இறக்கி, எண்ணெய் காய்ச்சி எடுத்துக்கொண்டு படித்துறைக்குப் போனேன். காற்று என்னை மூணாறு வரைக்கும் தூக்கிப் போய்த் தேயிலைத் தோட்டத்தில் போட்டுவிட்டுத் திரும்பவும் கொண்டுவந்து விட்டது. படியில் பிரேக் மட்டும் உட்கார்ந்திருந்தார். பிரஷ்ஷோடு. நிழல்படியில் அல்ல, பழைய கீழ்ப்படியிலேயே.

"வாங்க. வழி மறந்து போச்சோன்னு நெனச்சேன்," என்றார்.

"வழி இருக்கு. ஆளுதான் இல்ல."

"அவுக போனதுல இருந்து இங்கன சத்தமே இல்லங்க. பிரேக்குன்னு ஏச ஆளில்லாமப் போச்சு." நான் விழித்ததைப் பார்த்துச் சிரித்தார். "தெரியும்ங்க. எம்புட்டு வருசம்? காது கேக்கும்ல."

புலியோடு தண்ணீர் குடித்த வாய் இது. ஆனால் அன்றைக்கு ஒரு சின்ன வாக்கியத்தை வெளியே தள்ள அது பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. "ஒரு ஒத்தாச பண்ணுங்க. என் முதுகுல தழும்புக்குப் பக்கத்துல என்னமோ இருக்கு. பாத்துச் சொல்லுங்க. எனக்குச் சீட்டுக் கிழிஞ்சிருச்சுன்னு நெனக்கிறேன்."

அவர் ஏறி வந்தார். கண்ணாடியைத் துண்டில் துடைத்து மாட்டிக்கொண்டு குனிந்தார். உன் கட்டைவிரல் அன்றைக்குப் பாதி வளைவில் நின்ற அதே இடத்தில் அவர் விரல் வந்து நின்றது. மருத மரம் காற்றில் முறுக்கிக்கொண்டு ஆடியது. என் முதுகுக்குப் பின்னால் இரண்டு மூச்சு கேட்டது, மாப்ளே. ஒன்று அவருடையது.

"அது அப்பிடி இல்லங்க," என்றார்.

"எப்பிடி இல்ல?"

"ஒண்ணும் இல்லங்க. தழும்பு தழும்பாத்தான் இருக்கு. பக்கத்துல வேர்க்குரு. சொறிஞ்சு சொறிஞ்சு நீங்களே புண்ணாக்கி வச்சிருக்கீக. கறுப்பு கிறுப்பு எதுவும் இல்ல. எதுக்கும் டாக்டர்கிட்ட ஒருக்கா காட்டிருவோம். நானும் வாரேன். எனக்கும் தேனியில சோலி கெடக்கு."

அவருக்குத் தேனியில் ஒரு சோலியும் கிடையாது. அளப்பவனுக்கு அளப்பு தெரியாதா? வரட்டும். டாக்டர் கேட்கும்போது பக்கத்தில் ஒரு குரல் வேண்டும். 'அது அப்பிடி இல்லங்க' என்று தொடங்கினாலும் பரவாயில்லை.

அவர் எனக்குத் தேய்த்து முடித்தார். பிறகு பிரஷ்ஷை எட்டத்தில் வைத்துவிட்டு, எதுவும் கேட்காமல் திரும்பி உட்கார்ந்தார். ஒல்லி முதுகு. வருடக்கணக்கில் மனிதக் கை படாத முதுகு என்று தொட்டதுமே தெரிந்தது. முதலில் விறைத்தது, பிறகு மெல்ல இறங்கிக்கொடுத்தது. நான் சுண்ணாம்பு அடிக்கத்தான் கையை வைத்தேன். காற்றில் மண் பறந்ததால் கண்ணை மூடிக்கொண்டேன். மூடியதும் கைக்கடியில் இருந்த முதுகு அகலமானது. அன்றைக்குப் பலகையோடு ஒட்டிக் கிடந்த உன் முதுகு.

முடித்தபோது என் உள்ளங்கை இரண்டு தட்டு தட்டியது. "ரைட், போலாம்!" என்று கேட்டது. பிரேக் வெடுக்கென்று திரும்பினார். என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலே, எனக்குப் பின்னால் பார்த்தார்.

சரி, நீ அடித்துக் கேட்குமுன் நானே சொல்லிவிடுகிறேன். எமனும் எருமையும் பொய். முதுகுக்குப் பின்னால் நின்ற வாசம் பொய். கண்ணாடியில் ரேகை பொய். இரண்டாவது மூச்சு பொய். மூணாற்றுக்கு நான் போகவில்லை. தட்டியதும் 'ரைட், போலாம்' என்றதும் நான்தான், வேண்டுமென்றே செய்தேன். பிரேக் என் தோளுக்கு மேலே எதையும் பார்க்கவில்லை, காதில் எண்ணெய் இறங்கிவிட்டது என்று முனகினார்.

நம்ப முடியாதவற்றில் ஒன்றே ஒன்று, ரொம்பச் சின்னது, உண்மை. கண்ணை மூடியிருந்தபோது என் கட்டைவிரல் அவர் கழுத்தடியில் புறப்பட்டு, முதுகெலும்பின் இரு பக்கமும் மாறி மாறி, கொண்டை ஊசி வளைவு வளைவாக இறங்கியது. இடது தோள்பட்டைக்குக் கீழே வந்ததும் கொஞ்சம் நின்று, தடவிப் பார்த்துவிட்டு, மறுபடி இறங்கியது.

அந்தப் பாதை என் கைக்குத் தெரியாது, மாப்ளே.