பீரோ சாவி என்னிடம்

செவ்வாய் காலை, சமையல் மேடை.

என்னங்க,

என் துப்பாக்கியைக் கேட்டு மறுபடியும் ஸ்டேஷனுக்குப் போகிறேன். மாடிவீட்டுக்காரர் என் மேல் கொடுத்த புகார் பொய் என்று ஆன பிறகும் போலீஸுக்கு அதைத் திருப்பித் தர மனமில்லை. நேற்று நாம் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளாததால் ஸ்டேஷனில் நடந்ததை உங்களிடம் சொல்லவில்லை. "பொம்பளைக்கு எதுக்கும்மா துப்பாக்கி?" என்றார் இன்ஸ்பெக்டர். "பேங்க் வாசல்ல கொசு அடிக்கவா சார் நிக்கிறேன்?" என்றேன். நாளைக்கும் வெறுங்கையோடு போனால் காவல் வேலை வேறு ஆளுக்கு.

லைசென்ஸ் என் பெயரில் இருக்கிறது. நான் இல்லாத நேரத்தில் வீட்டுக்கு வந்த போலீஸுக்கு பீரோவைத் திறந்து எடுத்துக் கொடுத்தது நீங்கள். ரசீது கேட்கத் தோன்றவில்லை, டீ போட்டுக் கொடுக்க மட்டும் தோன்றியிருக்கிறது.

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். மாத்திரையை மறக்காதீர்கள்.

மதியம்: தூங்குகிறீர்கள், எழுப்பவில்லை. துப்பாக்கியைக் கொடுத்துவிட்டார்கள். உட்காரவைத்து டீயும் கொடுத்தார்கள். நான் குடிக்கவில்லை.