பங்கு வைத்த கன்ட்ரோலர்

அன்பின் சிபானா,

அஸ்ஸலாமு அலைக்கும். தோஹாவில் நான் சுகம். கற்பிட்டியில் நீயும் மகள் ருஷ்தாவும் சுகமாயிருக்க துஆ செய்கிறேன்.

டிவியில் கேம் விளையாட நான் அனுப்பிய பெட்டிக்கு றிமோட் போதாது, கன்ட்ரோலர் கட்டாயம் என்று எத்தனை தரம் சொன்னேன்! "வாப்பா, கன்ட்ரோலரை இணைக்கச் சொல்லி டிவியில வருது. உம்மா அத மாமாக்குக் குடுத்திட்டாங்க" என்று மகள் போனில் அழுகிறாள். வெளிநாட்டுச் சாமான் வந்தால் சொந்தத்துக்குப் பங்கு வைப்பதுதான். அதற்குச் சோப்பும் டொபியும் போதாதா? பெட்டியே இல்லாத உன் தம்பிக்கு அது எதற்கு? வெட்கப்படாமல் திருப்பி வாங்கு.

கொஞ்சம் கருவாடும் அனுப்பு. வேலைக்குப் போகும் பஸ் வந்துவிட்டது, இதையும் சொல்லி முடிக்கிறேன்.

மகளோடு நெட்டில் சேர்ந்து விளையாடத்தான் அதே மாதிரிப் பெட்டியும் சோடிக் கன்ட்ரோலரும் இங்கே நானும் வாங்கி வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து கன்ட்ரோலரைக் கையில் எடுத்தால், இரண்டாவது ஆள் இன்னும் வரவில்லை என்றே திரை சொல்கிறது.

நஸ்மி