லோகனின் நீல நட்சத்திர மீன்

3 நவம்பர் 2024, ஞாயிறு

எழுத்து கோணல்மாணலாக இருக்கிறது, பொறுத்துக்கொள்ளவும். கோவில் மண்டப வகுப்பில் சேர்ந்து சில மாதம்தான் ஆகிறது. காலமெல்லாம் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய கை, பேனாவுக்கு இன்னும் வளையவில்லை. சரி, யாரிடம் இதைச் சொல்கிறேன்? நான் மட்டும்தானே படிக்கப் போகிறேன். ஆனாலும் என்ன சந்தோஷம்! ‘நட்சத்திர மீன்’ என்று என் கையாலேயே எழுதிவிட்டேன்.

மகன் லோகன் போய் வருடம் திரும்பப் போகிறது. அவன் விட்டுப்போன கண்ணாடித் தொட்டியில் இந்த நீல நட்சத்திர மீன் ஒன்றுதான் மிச்சம். என் மனைவி நல்லம்மாள் காலையில் தேநீரோடு அதன் முன் உட்கார்ந்தால் எழுந்திருப்பதில்லை. “லோகா, சாப்பிட்டியாய்யா” என்று அதனிடம் கேட்கிறாள். அவனை எடுத்த அன்றுகூட அவள் அழவில்லை. இதுவும் போய்விட்டால் அவள் என்ன ஆவாளோ.

13 நவம்பர், புதன்

மழை. நிற்கவே இல்லை. மீன் கண்ணாடியில் பாதி தூரம் ஏறிவிட்டது.

14 நவம்பர், வியாழன்

ஞாயிறன்று தலைத்திவசம். வீடு கழுவினோம், திரைச்சீலை மாற்றினோம். தொட்டி மட்டும் பழைய தண்ணீரோடு நிற்கலாமா? தண்ணீர் வற்றினாலும் உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும், அதனால் உப்பில்லாத பில்டர் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும் என்பான் லோகன். கடலில் பிறந்ததற்கு நல்ல நாளிலும் அதுதானா? பக்கத்து வீட்டுக்காரரின் லோரியில் படகுத்துறைக்குப் போய், மூடி போட்ட பெரிய பிளாஸ்டிக் தோங் இரண்டு நிறையக் கடல் தண்ணீர் மொண்டு வந்தேன். பழையதைப் பாதிக்கு மேல் இறைத்துவிட்டு ஊற்றினேன்.

“அவனுக்குப் புதுச் சட்டை எடுத்த மாதிரி இருக்குங்க” என்றாள் நல்லம்மாள்.

15 நவம்பர், வெள்ளி

மீன் நகரவில்லை. ஒரு கையில் வெள்ளைப் புள்ளி.

16 நவம்பர், சனி

அந்தக் கை தனியாகக் கழன்று கிடந்தது. பூச்சோங்கில் உள்ள வளர்ப்பு மீன் கடைக்கு ஓடினேன். கடைக்காரர் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்தார். “அங்கிள், இத்தன நாளா மழை லா. அங்க இப்ப பாதி ஆத்துத் தண்ணி. உப்பு திடீர்னு கொறஞ்சா இது தாங்காது. இனிமே ஒண்ணும் செய்ய முடியாது.”

என்ன காரியம் பண்ணிட்டேன். கடலோடயே கெடந்தவன், எனக்கு இது தெரியலயே. அவகிட்ட எப்படிச் சொல்லுவேன்?

கடையில் அதே நீலத்தில் இன்னொன்று இருந்தது. பையில் போட்டுத் தரச் சொல்லி, கையிலும் வாங்கிவிட்டேன். பிறகு திருப்பிக் கொடுத்தேன். அவளுக்குத் தெரியாமலா போகும்.

18 நவம்பர், திங்கள்

நேற்றுக் காலை அது கரைந்து போயிருந்தது. படையல் போடும் முன்பே, என்னால்தான் என்று சொல்லிவிட்டேன். ஏசுவாள் என்று காத்து நின்றேன். அவள் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அந்தத் தொட்டி மோட்டர அடைச்சிடுங்க” என்றாள். “அந்தச் சத்தத்துல, அவன் உள்ளதான் இருக்கான்னு நெனச்சுக்கிட்டே கெடந்தேன்.”

சுவிட்சை அடைத்தேன். வீடு அப்படி அமைதியாகி நான் கேட்டதில்லை. நல்லம்மாள் சுவரில் சாய்ந்து வாய்விட்டு அழுதாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். இலையில் சோறு ஆறிப்போனது.

இன்றும் அழுகிறாள். ஆனால் பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பி என்னைப் பார்க்கிறாள்.

மேலே எழுதக் கண் விடவில்லை. மற்றதை அடுத்த வாரம் எழுதுகிறேன்.